19-ஆம் நூற்றாண்டுக் கேம்பிரிட்ஜில் மாணவர் வாழ்க்கையும் மேடைப்பேச்சும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் இடங்களில் கேம்பிரிட்ஜ் யூனியனின் பெயர் எப்படியும் வந்துவிடும். வந்தவுடன் அதே சந்தேகங்கள் எழும். திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பலரும் நினைப்பது போல, அந்தப் பழைய பல்கலைக்கழகம் பிள்ளைகளை உட்கார வைத்துப் பேசக் கற்றுக்கொடுக்கவில்லை. அவர்களே இடம் பிடித்து, அவர்களே விதி வகுத்து, ஒருவரை ஒருவர் எதிர்த்துப் பேசிப் பழகினார்கள். அதற்கு நிர்வாகம் ஒருமுறை பூட்டும் போட்டது. கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இதைச் சுற்றித்தான் வரும்.

யூனியன்னா தொழிற்சங்கம் மாதிரியா? இல்ல, காலேஜ் எலக்‌ஷன்ல ஜெயிச்சு வர்ற மாணவர் சங்கமா?

இரண்டும் இல்லை. அது ஒரு விவாத மன்றம். 1815-இல் கேம்பிரிட்ஜில் தனித்தனியாக இயங்கிய மூன்று சிறு விவாதக் குழுக்கள் ஒன்றாகச் சேர்ந்தன. சேர்ந்ததால் யூனியன் என்று பெயர். மாணவர்களின் குறைகளை நிர்வாகத்திடம் கொண்டுபோவது அதன் வேலை இல்லை. சந்தா கட்டிச் சேர வேண்டும். சேர்ந்தவர்கள் பேசலாம், வாக்களிக்கலாம், அங்கே வரும் செய்தித்தாள்களைப் படிக்கலாம், நூலகத்தைப் பயன்படுத்தலாம். ஆக்ஸ்ஃபோர்டில் இதே போன்ற மன்றம் 1823-இல் தொடங்கி, 1825-இல் புதிதாக அமைக்கப்பட்டது. இரண்டும் இன்றும் இருக்கின்றன.

அப்போ கேம்பிரிட்ஜ்ல என்னதான் படிச்சாங்க?

கணக்கு. நூற்றாண்டின் முதல் பாதியில் அங்கே ஹானர்ஸ் என்ற சிறப்புப் பட்டம் என்றாலே கணிதம்தான். கிரேக்கமும் லத்தீனும் கொண்ட செவ்வியல் தேர்வு 1824-இல்தான் வந்தது. அதையும் கணிதத்தில் முதலில் ஹானர்ஸ் வாங்கியவர்கள்தான் எழுத முடியும் என்று நெடுங்காலம் விதி இருந்தது. இயற்கை அறிவியலுக்கும் ஒழுக்கவியலுக்கும் தனித் தேர்வுகள் 1851-இல் தொடங்கின.

கணிதத்தில் முதல் வகுப்பில் வந்தவர்களுக்கு ராங்லர் என்று பெயர். முதலிடம் பிடித்தவர் சீனியர் ராங்லர். ஜனவரிக் குளிரில் செனட் ஹவுஸ் மண்டபத்தில் நாள் கணக்கில் உட்கார்ந்து எழுத வேண்டும். பட்டியலில் கடைசியாக வந்தவருக்கு, பட்டம் வாங்கும் நாளில் நண்பர்கள் மாடத்திலிருந்து ஒரு பெரிய மரக்கரண்டியைக் கயிறு கட்டி இறக்குவார்கள். கல்லூரி விரிவுரையை மட்டும் நம்பினால் ராங்லர் ஆக முடியாது. கையிலிருந்து பணம் கொடுத்து டியூஷன் வைத்துக்கொண்டார்கள். வில்லியம் ஹாப்கின்ஸ், எட்வர்ட் ரவுத் ஆகிய இரண்டு டியூஷன் ஆசிரியர்களிடம் படித்து முதலிடம் பிடித்தவர்களின் வரிசை மிக நீளமானது.

எல்லாரும் பணக்கார வீட்டுப் பிள்ளைகள்தானா?

பெரும்பாலும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள்தான். பாதிரியார்கள், வழக்கறிஞர்கள், நிலக்கிழார்கள் ஆகியோரின் மகன்கள். ஆனால் உள்ளேயே படிநிலை இருந்தது. உயர்குடிப் பிள்ளைகளும் அதிகக் கட்டணம் செலுத்தும் ஃபெலோ காமனர்களும் ஆசிரியர்களோடு உயர்மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவர்களுடைய கவுனில் சரிகை இருக்கும். சாதாரணக் கட்டணம் கட்டுபவர் பென்ஷனர். ஏழைப் பிள்ளைகள் சைசர் என்ற பெயரில் குறைந்த கட்டணத்தில் படித்தார்கள். முந்தைய நூற்றாண்டுகளில் சைசர்கள் மற்றவர்களுக்கு எடுபிடி வேலையும் செய்ய வேண்டியிருந்தது. அந்த வேலை மறைந்த பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது.

யார் எந்தத் தரம் என்பது உடையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இதைச் சொல்லாமல் கேம்பிரிட்ஜைப் புகழ்வது சரியில்லை என்பது என் எண்ணம்.

ஒரு மாணவனோட ஒரு நாள் எப்படிப் போகும்?

நூற்றாண்டின் முற்பகுதியை எடுத்துக்கொள்வோம். காலை ஏழு மணி வாக்கில் கல்லூரித் தேவாலயத்தில் வழிபாடு. அது கட்டாயம், வருகைப் பதிவும் உண்டு. அப்புறம் அறைக்கு வந்து ரொட்டியும் வெண்ணெயும் தேநீரும். காலையில் விரிவுரை அல்லது டியூஷன். பிற்பகலில் நடை, டிரம்பிங்டன், கிரான்ட்செஸ்டர் பக்கம் வயல்வெளிச் சாலைகளில் இரண்டு மூன்று பேராக மணிக்கணக்கில் பேசிக்கொண்டே போவார்கள். 1820-களின் பிற்பகுதியிலிருந்து படகு ஓட்டுவதும் பெரிய பழக்கமாகிவிட்டது. மாலை நான்கு மணி வாக்கில் கல்லூரி மண்டபத்தில் எல்லாரும் சேர்ந்து உண்ணும் பெரிய சாப்பாடு. பிறகு யாராவது ஒருவர் அறையில் ஒயினும் பழமும் வைத்து அரட்டை. அதன் பிறகுதான் படிப்பு.

ஒவ்வொரு அறைக்கும் இரண்டு கதவுகள். வெளிக்கதவு கனமான ஓக் மரத்தில் செய்தது. அது சாத்தியிருந்தால் உள்ளே ஆள் இருந்தாலும் தட்டக் கூடாது. தேர்வு நெருங்கும்போது மாடிப்படி நெடுக வெளிக்கதவுகள் சாத்தியே கிடக்கும். அறையைக் கூட்டிப் படுக்கை விரிக்க வயதான பெண்கள் வருவார்கள். அவர்களைப் பெட்மேக்கர் என்பார்கள். ஆண் பணியாளருக்கு ஜிப் என்று பெயர்.

ரொம்பக் கட்டுப்பாடா இருந்துச்சாமே?

ஆமாம். இருட்டிய பிறகு கவுனும் சதுரத் தொப்பியும் இல்லாமல் தெருவில் போகக் கூடாது. பிராக்டர் என்ற ஒழுங்கு அதிகாரிகள் இருவர், கூட ஓடிப் பிடிக்க ஆட்களை வைத்துக்கொண்டு இரவில் ரோந்து வருவார்கள். கவுன் இல்லாமல் மாட்டினால் ஆறு ஷில்லிங் எட்டுப் பென்ஸ் அபராதம். இரவு பத்து மணிக்குக் கல்லூரி வாசல் மூடிவிடும். தாமதமாக வந்தால் வாயிற்காப்பாளர் பெயரை எழுதிக்கொள்வார். 1845-இல் ரயில் வந்தபோது நிலையத்தை ஊருக்கு வெளியே ஒரு மைல் தள்ளித்தான் கட்டினார்கள். பிள்ளைகள் லண்டனுக்குப் பறந்துவிடுவார்கள் என்ற கவலை பல்கலைக்கழகத்துக்கு நிறையவே இருந்தது.

இந்தப் பிராக்டர்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1817 பற்றிய கேள்வியில் அவர்கள் திரும்ப வருவார்கள்.

பல்கலைக்கழகமே பேச்சுப் பயிற்சி எதுவும் கொடுக்கலையா?

கொடுத்தது, ஆனால் லத்தீனில். இடைக்காலத்திலிருந்து வந்த வழக்கம் அது. பட்டம் வேண்டுபவர் ஒரு கருத்தை முன்வைத்து லத்தீனில் கட்டுரை வாசிப்பார். மூன்று எதிராளிகள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து, தர்க்க சூத்திர வடிவில் லத்தீனிலேயே ஆட்சேபம் சொல்வார்கள். அவர் ஒவ்வொன்றையும் மறுக்க வேண்டும். மேலே மாடரேட்டர் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வார். தலைப்பு நியூட்டனின் கணிதமாக இருக்கலாம், ஒழுக்கவியலாகவும் இருக்கலாம். இதில் எப்படிச் செய்தார் என்பதை வைத்துத்தான் எழுத்துத் தேர்வுக்கு மாணவர்களைத் தரம் பிரித்தார்கள்.

ஆனால் 19-ஆம் நூற்றாண்டுக்குள் உயிர் போய்விட்டது. லத்தீன் உடைந்த லத்தீன். சூடு பறக்க வேண்டிய வாதம் சடங்காகிப் போனது. அச்சடித்த வினாத்தாளும் மதிப்பெண்ணும் வந்த பிறகு வாய்மொழிக்கு வேலையில்லை. 1839 வாக்கில் அந்த வழக்கத்தைக் கைவிட்டார்கள். கல்லூரிகளில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. டிரினிட்டி கல்லூரியில் சிறந்த ஆங்கில உரைக்குப் பரிசு உண்டு. 1831 டிசம்பரில் ஆர்தர் ஹாலம் என்ற மாணவர் அந்தப் பரிசை வென்றவராகக் கல்லூரித் தேவாலயத்தில் இத்தாலிய இலக்கியத்தின் தாக்கம் பற்றி உரை நிகழ்த்தினார். ஆனால் அது எழுதி வாசிக்கும் உரை. எதிரே ஒருவர் எழுந்து ‘தவறு’ என்று சொல்லும் இடம் யூனியன் ஒன்றுதான்.

யூனியன்ல ஒரு கூட்டம் எப்படி நடக்கும்? நடுவர் யாரு?

நடுவர் கிடையாது. நம் பட்டிமன்றத்துக்குப் பழகியவர்களுக்கு இது முதலில் விளங்காது. தலைவர் நாற்காலியில் இருப்பார். ஒழுங்கைக் காப்பது அவர் வேலை, தீர்ப்புச் சொல்வது இல்லை. ஒரு தீர்மானம் முன்வைக்கப்படும். ஆதரித்தும் எதிர்த்தும் மாறி மாறிப் பேசுவார்கள். யார் வேண்டுமானாலும் எழலாம். கடைசியில் உறுப்பினர்களே வாக்களித்து முடிவு செய்வார்கள். எல்லாம் இங்கிலாந்து பாராளுமன்றத்தின் பாணி. கூட்டத்தை ‘அவை’ என்றுதான் அழைத்தார்கள். தலைவர், பொருளாளர், செயலாளர் பதவிகளுக்குப் பருவத்துக்கு ஒரு தேர்தல்.

முதல் சில ஆண்டுகள் நடந்த இடம் பெட்டி க்யூரி தெருவில் ரெட் லயன் என்ற விடுதியின் பின்பக்க அறை. தாழ்ந்த கூரை, காற்றோட்டம் இல்லை, வெளிச்சம் இல்லை, குகையும் மதுக்கடையும் கலந்த மாதிரி என்று அந்நாள் மாணவர் ரிச்சர்ட் மாங்க்டன் மில்ன்ஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார். கூட்டமும் அப்படித்தான். காலைத் தேய்ப்பது, இருமுவது, பக்கத்தில் பேசுவது எல்லாம் உண்டு. அந்தச் சத்தத்தை மீறிக் கேட்க வைத்தவன்தான் பேச்சாளன். சொந்தக் கட்டிடம் 1866-இல்தான் வந்தது. ஆல்ஃபிரட் வாட்டர்ஹவுஸ் வடிவமைத்தார். பிரிட்ஜ் தெருப் பக்கம், வட்டத் தேவாலயத்துக்குப் பின்னால் இன்றும் நிற்கிறது. அந்தத் திறப்பு விழாவில்தான் மில்ன்ஸ் பழைய அறையைப் பற்றி அப்படிப் பேசினார்.

1817-ல யூனியனை மூடினாங்கன்னு சொல்றாங்களே, ஏன்?

அரசியல் பயம். நெப்போலியன் போர்கள் 1815-இல் முடிந்தன. ஆனால் இங்கிலாந்தில் வேலையில்லை, ரொட்டி விலை அதிகம், ஊருக்கு ஊர் கூட்டங்கள். 1817 மார்ச்சில் அரசாங்கம் விசாரணையின்றிக் காவலில் வைக்க வழி செய்தது. பொதுக்கூட்டங்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது. அதே மாதம் துணைவேந்தர் ஜேம்ஸ் வுட், யூனியன் இனி விவாதம் நடத்தக் கூடாது என்று பிராக்டர்களை அனுப்பினார்.

அன்று தலைவர் நாற்காலியில் இருந்தவர் வில்லியம் ஹியூவெல். பிராக்டர்கள் உள்ளே வந்து ஆணையைச் சொன்னதும் அவர் அசரவில்லையாம். ‘அன்னியர்கள் வெளியே செல்லலாம், செய்தியை அவை பரிசீலிக்கும்’ என்றாராம். கேம்பிரிட்ஜில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வரும் கதை இது. பாராளுமன்றத்தில் வெளியாரைப் பார்த்துச் சொல்லும் வாசகத்தை, பிடிக்க வந்த அதிகாரிகளிடமே ஒரு இளைஞன் சொன்னான் என்பதை நான் எப்போது சொன்னாலும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். அந்த ஹியூவெல்தான் பின்னாளில் டிரினிட்டி கல்லூரியின் தலைவராக 25 ஆண்டு இருந்தார். விஞ்ஞானி என்பவருக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பெயரை உண்டாக்கியவரும் அவரே.

ஆணை ஆணைதான். விவாதம் நின்றது. வாசிப்பறை மட்டும் தொடர்ந்தது. 1821-இல்தான் திரும்பப் பேச அனுமதி கிடைத்தது.

அனுமதி கொடுத்தப்போ அரசியல் பேசக் கூடாதுன்னு நிபந்தனை போட்டாங்களாமே. அப்புறம் என்னத்தைப் பேசினாங்க?

நிபந்தனை இதுதான்: கடந்த இருபது ஆண்டு அரசியலைத் தொடக் கூடாது. அதற்கு முந்தியது எதுவும் பேசலாம். அன்றைக்கு மன்னராட்சியா மக்களாட்சியா என்று நேராகக் கேட்க முடியாது. ஆனால் முதலாம் சார்லஸ் மன்னனின் தலையைக் கொய்தது நியாயமா என்று கேட்கலாம். பிரெஞ்சுப் புரட்சியின் தொடக்கம் பற்றிப் பேசலாம், பிட் பிரதமராக இருந்தபோது போர் தொடுத்தது சரியா என்று பேசலாம். கேட்பவர்களுக்கு எதைப் பற்றிய பேச்சு என்று தெரியும். நாளடைவில் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்து போனது.

என்னைக் கேட்டால், தடை அவர்களுக்கு ஒரு நல்ல பழக்கத்தைக் கொடுத்தது. அன்றைய செய்தித்தாளை ஒப்பிக்க முடியாது. வரலாற்றைப் படித்துவிட்டுத்தான் எழ வேண்டும். அதற்காகத் தடையை நியாயப்படுத்தவில்லை. வாய்ப்பூட்டு வாய்ப்பூட்டுத்தான்.

மெக்காலே அங்கேதான் பேசக் கத்துக்கிட்டாரா?

நம் ஊரில் அதிகம் வரும் கேள்வி இது. இந்தியக் கல்வியைப் பற்றி 1835-இல் குறிப்பு எழுதிய அதே தாமஸ் பாபிங்டன் மெக்காலேதான். (1834 ஜூனில் அவர் சென்னையில் வந்து இறங்கி, அங்கிருந்து கவர்னர் ஜெனரலைப் பார்க்க ஊட்டிக்குப் போனார்.) 1818-இல் டிரினிட்டியில் சேர்ந்தார். கணக்கு என்றால் வேப்பங்காய். 1822-இல் கணித ஹானர்ஸில் தவறி, சாதாரணப் பட்டம்தான் வாங்கினார். ஆனால் ஆங்கிலக் கவிதைக்கான வேந்தர் பதக்கத்தை 1819-இலும் 1821-இலும் வென்றார். 1824-இல் கல்லூரியின் ஃபெலோவாக, அதாவது அதன் ஆட்சிக் குழு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1821-இல் யூனியன் திரும்பத் திறந்தபோது அவர் அங்கே பெரும் பேச்சாளர். ஆனால் அவர் அங்கே கற்றது பேச்சு மட்டும் இல்லை. டோரி என்ற பழமைவாதக் கட்சியை ஆதரித்த குடும்பத்தில் பிறந்து அந்தக் கருத்துகளோடு வந்தவர், சார்லஸ் ஆஸ்டின் என்ற சக மாணவரின் வாதத்தில் கரைந்து தீவிரச் சீர்திருத்தவாதியானார். யூனியனில் எதிரே நின்றவர் வின்த்ராப் பிரேட், கவிஞர். இருவரும் 1830-இல் பாராளுமன்றத்துக்குள் நுழைந்தார்கள், அங்கேயும் எதிரெதிர்க் கட்சி. தீவிரக் கருத்துகள் வாரந்தோறும் தம் எதிர்க்கருத்துகளோடு நேருக்கு நேர் மோதிய களம் என்று அந்தக் கால யூனியனைப் பற்றித் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். மில் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படித்தவர் இல்லை. ஆஸ்டினின் நட்பால் அறிந்துகொண்டு சொன்னது அது.

கூச்ச சுபாவம் உள்ளவங்க என்ன செஞ்சாங்க?

கவிஞர் டென்னிசனைப் பாருங்கள். 1829-இல் வேந்தர் பதக்கம் அவருக்கு. வென்ற கவிதையைச் செனட் ஹவுஸில் எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டும் என்பது வழக்கம். அவருக்கு முடியவில்லை. சார்லஸ் மெரிவேல் என்ற நண்பர் அவருக்காக வாசித்தார். பெரிய கூட்டத்தை அவர் கடைசிவரை விரும்பவில்லை.

அப்படிப்பட்டவர்களுக்குச் சிறிய குழுக்கள் இருந்தன. 1820-இல் தொடங்கிய ஒரு குழுவுக்கு ‘அப்போஸ்தலர்கள்’ என்று பட்டப்பெயர். சனிக்கிழமை இரவு ஒருவர் அறையில் கூடுவார்கள். கணப்பு முன்னால் விரித்த கம்பளத்தில் நின்று ஒருவர் கட்டுரை வாசிப்பார். காப்பியும், ரொட்டியில் வைத்த மீனும் இருக்கும். அப்புறம் எல்லாரும் பேசுவார்கள். யூனியனில் பேசுவது வெல்வதற்கு. இங்கே பேசுவது யோசிப்பதற்கு. நேற்றுச் சொன்னதை இன்று மாற்றிக்கொண்டால் அவமானம் இல்லை. டென்னிசன் இதிலும் உறுப்பினர். பேய்களைப் பற்றி அவர் எழுதத் தொடங்கிய கட்டுரையை வாசிக்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்டார், முன்னுரை மட்டும் மிஞ்சியது. ஆனாலும் அந்த நண்பர்கள் அவரை விடவில்லை.

ஷெல்லிக்காக வாதாட ஆக்ஸ்ஃபோர்டு வரைக்கும் போனாங்கன்னு சொல்றது நெசமா?

நிஜம். 1829 நவம்பர். கேம்பிரிட்ஜ் யூனியன் சார்பில் ஹாலம், மில்ன்ஸ், தாமஸ் சண்டர்லேண்ட் ஆகிய மூவர் குதிரை வண்டியில் ஆக்ஸ்ஃபோர்டு போனார்கள். பைரனைவிட ஷெல்லி பெரிய கவிஞர் என்று நிறுவ வேண்டும். ஷெல்லி இறந்து ஏழு ஆண்டுதான் ஆகியிருந்தது. ஆளும் அதிகம் பேருக்குத் தெரியாது. அதிலும் ஆக்ஸ்ஃபோர்டு 1811-இல் நாத்திகப் பிரசுரத்துக்காக வெளியேற்றிய மாணவர் அவர். அவரைத் துரத்திய ஊரிலேயே போய் அவருக்காகப் பேசுவது என்ற துணிச்சல் எனக்கு மிகவும் பிடித்தது.

ஊரை விட்டுப் போக டிரினிட்டி தலைவர் கிறிஸ்டோபர் வேர்ட்ஸ்வொர்த்திடம் அனுமதி வாங்க வேண்டும். அவர் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் தம்பி. ஷெல்லியின் பெயருக்குப் பதில் வேர்ட்ஸ்வொர்த்தின் பெயரைச் சொல்லி அனுமதி வாங்கிவிட்டோமோ என்று தனக்கு மங்கலான சந்தேகம் உண்டு என்று மில்ன்ஸ் பின்னாளில் சொன்னார். போய்ப் பார்த்தால் சத்தமும் நெரிசலுமான தங்கள் கூட்டத்துக்கு நேர்மாறு. சின்னச் சதுர அறை, நேர்த்தியாக உடுத்திய எண்பது தொண்ணூறு இளைஞர்கள் நாற்காலியிலும் கணப்பைச் சுற்றியும் சாவகாசமாக இருக்கிறார்கள். அதைப் பார்த்ததுமே தைரியம் போய்விட்டது என்று அம்மாவுக்குக் கடிதம் எழுதினார் மில்ன்ஸ். பைரனுக்காகப் பதில் சொன்னவர் ஹென்றி மேனிங், பிற்காலக் கார்டினல். வாக்கெடுப்பில் பைரனுக்கு 90, ஷெல்லிக்கு 33. தோற்றார்கள். ஆனால் ஷெல்லியின் பெயர் அன்றிரவு ஆக்ஸ்ஃபோர்டில் பல காதுகளில் விழுந்தது.

நல்லாப் பேசினவங்க எல்லாரும் பெரிய ஆளா வந்துட்டாங்களா?

இல்லை. ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போன மூவரில் மேடையில் மிகச் சிறந்தவர் சண்டர்லேண்ட்தான் என்று அவர் காலத்தவர் நினைத்தார்கள். பின்னாளில் அவருக்கு மனநிலை பாதித்தது, பொதுவாழ்வுக்கே வரவில்லை. அவருடைய தன்னம்பிக்கையைச் சாடி டென்னிசன் எழுதிய கவிதையில்தான் இன்று அவரைப் பார்க்க முடிகிறது. ஹாலம் 1833-இல் 22 வயதில் இறந்தார்.

கானப் திர்ல்வால் கதை வேறு. மெக்காலேக்கு முந்தைய தலைமுறையில் யூனியனில் பெயர் வாங்கியவர். 1825-இல் லண்டனில் ஒரு விவாதத்தில் அவர் பேசக் கேட்ட மில், பத்து வாக்கியம் முடியும் முன்பே, தான் கேட்ட பேச்சாளர்களில் இவரே தலைசிறந்தவர் என்று முடிவு செய்துவிட்டாராம். அந்தத் திர்ல்வால் டிரினிட்டியில் துணை ஆசிரியராக இருந்தபோது 1834-இல் ஒரு பிரசுரம் எழுதினார். பிற சபைக் கிறிஸ்தவர்களுக்கும் பட்டம் கொடுங்கள், கட்டாய வழிபாட்டால் பக்தி வளராது என்றார். பதவி போயிற்று. பதவியைப் பறித்தவர், முன் கேள்வியில் வந்த அதே கிறிஸ்டோபர் வேர்ட்ஸ்வொர்த். 1821-இல் துணைவேந்தராக இருந்து யூனியனைத் திரும்பத் திறக்க விட்டவரும் அவரே. மாணவர்களின் விவாதத்தைப் பொறுத்துக்கொண்டவரால் சக ஆசிரியரின் கருத்தைப் பொறுக்க முடியவில்லை.

வேற மதத்துக்காரங்க சேரலாமா? நம்ம ஆளுங்க யாராவது படிச்சாங்களா?

கேம்பிரிட்ஜில் சேரலாம், படிக்கலாம், தேர்வும் எழுதலாம். ஆனால் இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தவர் என்று கையெழுத்துப் போடாமல் பட்டம் கிடையாது. ஆக்ஸ்ஃபோர்டில் சேரும்போதே கையெழுத்து. யூதரான ஜேம்ஸ் ஜோசப் சில்வெஸ்டர் 1837-இல் இரண்டாம் ராங்லர், ஆனால் பட்டம் வாங்கியது 1872-இல். 1856-இல் இளங்கலைக்குத் தடை நீங்கியது. 1871 சட்டத்துக்குப் பிறகு ஃபெலோ பதவிகளும் திறந்தன.

அந்தச் சமயத்தில்தான் கொழும்புத் தமிழர் பொன்னம்பலம் அருணாசலம் 1870-இல் கிறைஸ்ட்ஸ் கல்லூரிக்கு வந்தார். 1875-இல் போட்டித் தேர்வில் வென்று இலங்கை சிவில் சர்வீஸில் நுழைந்த முதல் இலங்கையர் அவர். 1919-இல் இலங்கை தேசிய காங்கிரஸின் முதல் தலைவர். அதே கல்லூரியில், ஏறக்குறைய அதே ஆண்டுகளில் வங்காளத்து ஆனந்த மோகன் போஸ் படித்தார். 1874-இல் ராங்லரான முதல் இந்தியர். 1898-இல் சென்னையில் கூடிய இந்திய தேசிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை ஏற்றவர் அவர்தான்.

பெண்கள்?

யூனியனில் இடமில்லை. கர்ட்டன் கல்லூரி 1869-இல், நியூன்ஹாம் 1871-இல் தொடங்கின. 1881 முதல் பெண்கள் ஹானர்ஸ் தேர்வு எழுத முறைப்படி அனுமதி வந்தது, ஆனால் பட்டம் இல்லை. 1890-இல் நியூன்ஹாம் மாணவி ஃபிலிப்பா ஃபாசெட் கணிதத்தில் சீனியர் ராங்லருக்கும் மேலே என்று செனட் ஹவுஸில் அறிவித்தார்கள். அவருக்கும் பட்டம் கிடையாது. 1897-இல் பெண்களுக்குப் பட்டம் கொடுக்கலாமா என்ற வாக்கெடுப்பு வந்தபோது, மாணவர்கள் சைக்கிளில் ஒரு பெண் பொம்மையைச் செய்து தெருவுக்கு மேலே கட்டித் தொங்கவிட்டார்கள். தீர்மானம் தோற்றதும் அதைக் கிழித்தெறிந்து கொண்டாடினார்கள்.

நியூன்ஹாமிலும் கர்ட்டனிலும் பெண்கள் தங்களுக்கென்றே விவாத மன்றம் வைத்துக்கொண்டார்கள். ஆண்கள் 1815-இல் செய்ததைத்தான் அவர்களும் செய்தார்கள்: கொடுக்காத இடத்தைத் தாங்களே அமைத்துக்கொண்டார்கள். முழுப் பட்டம் 1948-இல். கேம்பிரிட்ஜ் யூனியன் பெண்களை உறுப்பினராகச் சேர்த்தது 1963-இல்.

அங்கே பேசிப் பழகினதால பாராளுமன்றம் போனாங்களா, இல்ல போகப் போறவங்கதான் அங்கே வந்து பேசினாங்களா?

நல்ல கேள்வி, நேரடியாகப் பதில் சொல்லக் கடினமானது. ஆக்ஸ்ஃபோர்டு யூனியனில் 1831 மே மாதம், பின்னாளில் பிரதமரான கிளாட்ஸ்டன் தேர்தல் சீர்திருத்த மசோதாவை எதிர்த்து முக்கால் மணி நேரம் பேசினார். கேட்டவர்களில் அவருடைய நண்பர் லிங்கன் பிரபுவும் ஒருவர். லிங்கனுடைய தந்தை நியூகாசில் கோமகன். நியூவார்க் தொகுதி அவர் செல்வாக்கில் இருந்தது. 1832-இல் 22 வயதுக் கிளாட்ஸ்டன் நியூவார்க் உறுப்பினர். இங்கே பேச்சு கதவைத் தட்டியது, திறந்தவர் ஒரு கோமகன். மெக்காலேக்குக் கால்ன் தொகுதியைக் கொடுத்ததும் லான்ஸ்டவுன் பிரபுதான், அதுவும் பத்திரிகைக் கட்டுரைகளைப் படித்துவிட்டு. ஆகவே யூனியன் மட்டுமே யாரையும் ஏற்றிவிடவில்லை. செல்வாக்குள்ளவர்களின் காதுக்கு எட்டும் தூரத்தில் அது இருந்தது என்பதும் உண்மை.

ஹென்றி ஃபாசெட்டையும் பார்க்க வேண்டும். மேலே சொன்ன ஃபிலிப்பாவின் தந்தை. சாலிஸ்பரியில் ஒரு ஜவுளி வியாபாரியின் மகன். 1850-களில் கேம்பிரிட்ஜ் மாணவராக யூனியனில் பேசியவர், 1856-இல் ஏழாம் ராங்லர். 1858-இல் வேட்டையின்போது தந்தையின் துப்பாக்கிக் குண்டு பட்டு இரண்டு கண்ணும் போயிற்று. குறிப்பு பார்த்துப் பேச முடியாது. புள்ளிவிவரம் முழுவதையும் மனத்தில் வைத்துத்தான் பேசினார். தொகுதி கொடுக்கக் கோமகன் எவரும் இல்லை. 1863-இல் கேம்பிரிட்ஜ் தொகுதியில் தோற்றார், 1864-இல் பிரைட்டனில் தோற்றார், 1865-இல் அதே பிரைட்டனில் வென்றார். இந்தியாவின் வரவுசெலவைப் பாராளுமன்றத்தில் விடாமல் கேள்வி கேட்டதால் ‘இந்தியாவுக்கான உறுப்பினர்’ என்று அவரை அழைத்தார்கள்.